குடியை நிறுத்த ஒரு கூட்டத்தைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

குடிநோயிலிருந்து மீள உதவும் கூட்டங்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு, போதை மறுவாழ்வு ஆலோசகர் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கேள்வி: என் தம்பி குடியை விட வேண்டும் என்று அவனாகவே சொல்கிறான். மதுரையில் ஏஏ கூட்டம் எங்கே நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அவனாகவே சொன்ன இந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். ஏஏ என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியிலிருந்து மீள முயல்வோர் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு. அதன் இந்திய இணையதளத்தில் கூட்டங்களைத் தேடலாம். போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லா எண் 14446-ஐ அழைத்து வழிகாட்டுதல் கேட்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரித்தால், அருகில் நடக்கும் குழுவின் தொடர்பு பெரும்பாலும் கிடைத்துவிடும். நேரமும் இடமும் மாறக்கூடும் என்பதால், புறப்படும் முன் தொலைபேசியில் ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். பெரும்பாலும் மாலை வேளையில், தேவாலயத்தை ஒட்டிய அறையிலோ பள்ளி வகுப்பறையிலோ கூடுவார்கள். வாசலில் பெரிய பலகையை எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: தேவாலயத்தில் நடப்பதால் மதம் மாற்றுவார்களோ என்று அம்மா பயப்படுகிறார். கட்டணம் எவ்வளவு?

அந்த அமைப்பு எந்த மதத்தையும் சாராதது. அறை கிடைத்த இடத்தில் கூடுகிறார்கள், அவ்வளவுதான். தம்மைவிடப் பெரியது என்று அவர்கள் நம்பிப் பேசும் 'மேலான சக்தி' எது என்பதை அவரவர் புரிதலுக்கே விட்டுவிடுகிறார்கள். கட்டணம் கிடையாது. வாடகைக்கும் தேநீருக்குமாக உறுப்பினர்கள் விரும்பியதைப் போடுவார்கள். புதிதாக வருபவர் எதுவும் தர வேண்டியதில்லை.

கேள்வி: என் கணவர் காலையிலேயே குடிக்கத் தொடங்குகிறார். நாளையே நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்குப் போகச் சொல்லலாமா?

அம்மா, இந்த விடையை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நாள்தோறும் அதிகமாகக் குடித்துப் பழகிய உடல், திடீரென்று நிறுத்தும்போது ஆபத்துக்கு உள்ளாகலாம். முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் ஏற்பட்டு, கவனிக்காவிட்டால் உயிருக்கே உலை வைக்கும். ஆகவே முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரைகளும் தயமின் என்னும் பி1 ஊட்டச்சத்தும் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். அந்த நாட்களைக் கடந்தபின், அல்லது மருத்துவர் அனுமதித்தால் சிகிச்சையின்போதே, கூட்டத்துக்குச் செல்லலாம். கூட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று யாராவது மருந்து கொடுத்தால் வாங்காதீர்கள். மதுவோடு சேர்ந்தால் உடலைக் கடுமையாகத் தாக்கும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருப்பது தெரியாமல் ஒருவர் குடித்தால், இரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகக்கூடும்.

கேள்வி: மருத்துவரே இல்லாத கூட்டத்தில் உட்கார்ந்து பேசுவதால் என்ன பயன்?

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் தொழிலை இழந்திருந்த பில் வில்சன், அதே நோயில் சிக்கியிருந்த அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்துப் பேசியதில்தான் இது தொடங்கியது. குடித்தவனிடம் குடித்தவன் பேசும்போது அறிவுரையின் தொனி இருப்பதில்லை. எதிரில் இருப்பவர், விடியற்காலையில் கை நடுங்கக் கடை திறக்கும்வரை காத்து நின்றதைச் சொல்வார். கேட்பவர் அதுவரை யாரிடமும் சொல்லாத தன் காலையை அதில் காண்பார். மருத்துவர்களாலும் எங்களைப் போன்ற ஆலோசகர்களாலும் அதைத் தர முடிவதில்லை. பலன் குறித்தும் சான்று உண்டு: 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020-இல் வெளிவந்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, ஏஏ வழியில் ஒருவரை முறையாக ஈடுபடுத்தும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கச் செய்வதில் பிற உளவியல் சிகிச்சைகளைவிட மேலாக இருப்பதைக் காட்டியது.

கேள்வி: நான் ஆசிரியர். சிறிய ஊர். யாராவது பார்த்துவிட்டால்?

பெயரை மட்டும் சொன்னால் போதும். ஊரோ வேலையோ கேட்கமாட்டார்கள். குடியை நிறுத்த விரும்புவோருக்கு மட்டுமான மூடிய கூட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். திறந்த கூட்டத்துக்கு உறவினரும் மற்றவரும் வரலாம். பக்கத்து ஊர்க் கூட்டத்துக்கோ இணையவழிக் கூட்டத்துக்கோ போவதும் சரியான வழிதான். முதல் நாள் பேச மனமில்லையென்றால் 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்று சொல்லுங்கள், ஐயா, யாரும் வற்புறுத்தமாட்டார்கள்.

கேள்வி: அப்பா எதற்கும் வர மறுக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

நீங்கள் போங்கள். குடும்பத்தினருக்காக 1951-இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் தோழியரும் உருவாக்கிய அல்-அனான் கூட்டங்கள் தனியே நடக்கின்றன. பதின்ம வயதினருக்கு அலட்டீன் உண்டு. அவர் திருந்தும்வரை உங்கள் படிப்பும் உறக்கமும் காத்திருக்கத் தேவையில்லை.

கேள்வி: ஒரு கூட்டத்துக்குப் போனேன், ஒட்டவில்லை. பிறகு மறுபடியும் குடித்துவிட்டேன். திரும்பப் போகலாமா?

போகலாம். குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்கான தகுதி; மறுபடியும் குடித்தவரை யாரும் விலக்குவதில்லை. ஒரு குழு ஒட்டவில்லையென்றால் வேறு இரண்டு மூன்று குழுக்களையும் பாருங்கள். ஒவ்வொன்றின் பேச்சும் பழக்கமும் வேறு. பலநாள் குடிக்காமல் இருக்கும் ஒருவரை ஸ்பான்சராக, அதாவது உங்கள் வழித்துணையாக ஏற்று, அவர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆணுக்கு ஆணும் பெண்ணுக்குப் பெண்ணும் இருப்பதே நல்லது. அடுத்த முறை ஆசை எழும்போது, கடைக்குப் போவதற்கு முன் அந்த எண்ணை அழையுங்கள்.