வாசகர் கேள்வி – பதில்: அதிகம் வாசிக்கப்படாத ரோஸ்வுட் கிட்டாரை வாங்கலாமா?

கேள்வி: சில ஆண்டுகளாகச் சாதாரண கிட்டார் ஒன்றில் வாசித்துப் பழகிவரும் எனக்கு, தோள் சரிந்த வடிவமும் ரோஸ்வுட் உடலும் கொண்ட அகூஸ்டிக் கிட்டார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘அதிகம் வாசிக்கவில்லை, புதிது போலவே இருக்கிறது’ என்கிறார் விற்பவர். பாடிக்கொண்டே வாசிப்பது என் வழக்கம். இது எனக்குப் பொருந்துமா? வாங்குமுன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: கழுத்து உடலோடு சேரும் இடத்தின் இருபுறமும் சதுரமாக நிமிராமல் வளைந்து இறங்குவதைத்தான் சரிந்த தோள் என்கிறோம். மார்ட்டின் நிறுவனம் 1916இல் டிட்சன் நிறுவனத்துக்காகச் செய்துகொடுத்த டிரெட்நாட் என்னும் பேருடல் வகையின் முதல் கிட்டார்களின் தோளும் சரிந்தே இருந்தது. அவற்றின் கழுத்து 12ஆவது பிரெட்டிலேயே (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) உடலைச் சேர்ந்தது. 14 பிரெட் கழுத்து வழக்கத்துக்கு வந்தபோது மார்ட்டின் சதுரத் தோளுக்கு மாறியது. கிப்சன் நிறுவனமோ 1934இல் வெளியிட்ட ஜம்போ என்ற கிட்டார் முதல் சரிந்த தோளையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. அந்த வரிசையில் பெரும்புகழ் பெற்ற ஜே-45 (1942) மகோகனியால் ஆனது. 1936இல் வந்த அட்வான்ஸ்டு ஜம்போ ரோஸ்வுட்டால் ஆனது. உங்களுக்கு வந்திருக்கும் கருவியை எந்த நிறுவனம் செய்திருந்தாலும், வடிவத்தாலும் மரத்தாலும் அது அட்வான்ஸ்டு ஜம்போவின் வழிவந்தது எனலாம்.

பாடுகிறவர் இந்த மர வேறுபாட்டைப் பொருட்படுத்த வேண்டும். மகோகனியின் ஒலி சுருக்கமாக எழுந்து விரைவில் அடங்கிக் குரலுக்கு இடம் விடும். ரோஸ்வுட்டில் கீழ்ஸ்தாயி ஆழமாக ஒலிக்கும். மூலச் சுரத்தோடு சேர்ந்து எழும் மேல் அதிர்வுகள் மீட்டிய பின்னும் நெடுநேரம் நிற்கும். விரல்களால் தனித்தனியே மீட்டுபவர்கள் இதை விரும்புவார்கள். வேகமாக ஸ்டிரம் செய்தபடி மென்குரலில் பாடுபவர்களுக்கோ கருவி குரலை மூடிவிடுவதாகத் தோன்றலாம். ஆனால், ஒலியைத் தீர்மானிப்பதில் முதலிடம் முன்பலகைக்கே உண்டு. முதுகும் பக்கங்களும் அதற்கு வண்ணம் சேர்ப்பவை. ஆகவே, நீங்கள் வழக்கமாகப் பாடும் சுருதியில் ஒரு பாட்டை முழுவதும் பாடி வாசித்துப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

‘அதிகம் வாசிக்கவில்லை’ என்பதை நான் நற்சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிரெட்டுகள் தேய்ந்திருக்காது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஆறு உருக்குக் கம்பிகளையும் முழுச் சுருதியில் ஏற்றினால், ஏறத்தாழ 70 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை, முன்பலகையில் கம்பிகளைப் பிடித்து நிறுத்தும் பிரிட்ஜையும் கழுத்தையும் இழுத்துக்கொண்டே இருக்கும்; அந்த நிலையில் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இல்லாத அறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த கருவி, நாள்தோறும் வாசிக்கப்பட்டுப் பேணப்பட்ட கருவியைவிடக் கூடுதலாகச் சேதமடைந்திருக்கக்கூடும்.

முதலில் கழுத்தின் ஓரத்தில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். பிரெட்டுகளின் நுனி விரலைக் கீறினால் மரம் உலர்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். அப்படியானால் முன்பலகையிலும் வெடிப்பு இருக்கலாம். வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துத் தேடுங்கள். அடுத்து, மெல்லிய தாள் ஒன்றைப் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் செருக முயலுங்கள். அது உள்ளே நுழைந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது. பிறகு 12ஆவது பிரெட்டின் மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். தடித்த கம்பிக்கு 2.4 மி.மீ. அளவிலும், மெல்லிய கம்பிக்கு 1.8 மி.மீ. அளவிலும் இருந்தால் கவலையில்லை. கம்பிகள் அதைவிட மிக உயர்ந்து நிற்க, பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டையான சேடிலோ ஏற்கெனவே தேய்க்கப்பட்டுப் பிரிட்ஜின் மட்டத்தை ஒட்டிக் கிடந்தால், கழுத்தின் கோணமே மாறிவிட்டது. இதைக் கழுத்தின் வளைவைச் சீராக்க உள்ளே வைத்திருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராடைத் திருகிச் சரிசெய்ய முடியாது. கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டிவரும். அந்தச் செலவுக்கு ஈடாக விலையைக் குறைக்க விற்பவர் இணங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ரோஸ்வுட் ஒரே பலகையா, மேலே ஒட்டிய மெல்லிய மரத்தகடா என்பதையும் பாருங்கள். முதுகின் வெளிப்புறத்தில் கண்ணில் படும்படியான ரேகை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, ஒலித்துளை வழியாக விளக்கடித்து உட்புறத்தில் அதே இடத்தில் அது தொடர்கிறதா என்று ஒப்பிட்டால் போதும். தகடு ஒட்டியதாலேயே கருவி மட்டமாகிவிடாது. முழுப் பலகைக்குரிய விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: ரோஸ்வுட் கிட்டாரை வேறொரு நாட்டிலிருந்து வரவழைத்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: ரோஸ்வுட்டின் இனத்தைப் பொறுத்தது. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார்களுக்கும் ஆவணங்கள் தேவைப்பட்டன. 2019 நவம்பர் முதல், செய்துமுடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. ஈட்டி மரம் என்று நாம் அறிந்த இந்திய ரோஸ்வுட்டால் ஆன கிட்டாருக்கும் இவ்விலக்கு பொருந்தும். பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் பொருந்தாது. 1992 முதல் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கும் அந்த மரத்தால் ஆன கருவி எல்லை தாண்டுவதற்கு உரிய அனுமதிச் சான்று வேண்டும். எனவே பணம் அனுப்புமுன், மரத்தின் இனப்பெயரையும் கருவியின் வரிசை எண்ணையும் விற்பவரிடம் எழுத்து வடிவில் கேட்டுப் பெறுங்கள். பிறகு கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, கழுத்து ஆடாதபடி அணை கொடுத்துக் கெட்டியான பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.