செய்தி போய்ச் சேராத இடம்

வணக்கம் சார்,

அமெரிக்க–ரஷ்யப் போட்டி முற்றினால் அணு ஆயுதப் போர் வரக்கூடும் என்று நீங்கள் சென்ற வாரம் எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்களோ என்று தோன்றியது. இரண்டு பக்கமும் அணுகுண்டு இருப்பதால்தானே 1945க்கு அப்புறம் யாரும் அதைப் போடவில்லை? தானும் அழிவோம் என்று தெரிந்தே எந்தத் தலைவர் பொத்தானை அழுத்துவார்? கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் வந்த நெருக்கடியில்கூட அமெரிக்க அதிபர் கென்னடியும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் கடைசியில் இறங்கி வந்தார்களே?

ரெஜின், குளச்சல்

அன்புள்ள ரெஜின்,

இறங்கி வந்தார்கள், உண்மைதான். பயம் ஓரளவு தடுத்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் இறங்கி வந்ததற்கு முந்தைய நாள், 1962 அக்டோபர் 27 அன்று, விஷயம் அந்த இருவர் கையிலும் இல்லை. (நம் நாட்டின் கவனமெல்லாம் அப்போது சீன எல்லையில் இருந்தது.)

அன்று கியூபா அருகே பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கியை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வளைத்துக்கொண்டன. மேலே வரச் சொல்லிச் சிறு வெடிகளைப் போட்டன. அது டீசல் நீர்மூழ்கி, பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. உள்ளே 45 டிகிரிக்கு மேல் சூடு, மூச்சு முட்டும் காற்று. மாஸ்கோவோடு தொடர்பில்லை. மேலே போர் தொடங்கிவிட்டதா என்றே யாருக்கும் தெரியாது. கேப்டன் சவீத்ஸ்கி அணு டார்பிடோவை (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் அணுகுண்டு) தயார் செய்யச் சொன்னதாக உடனிருந்த அதிகாரி ஒருவர் பின்னாளில் சொன்னார். அதே கப்பலில் இருந்த மூத்த அதிகாரி வசீலி அர்கிப்போவ் பேசி அவரை நிதானத்துக்குக் கொண்டுவந்தார். கப்பல் மேலே வந்தது.

என்னை உலுக்குவது இதுதான்: அந்த வெடிகள் வெறும் சைகை என்று அமெரிக்கா மாஸ்கோவுக்கு முன்பே தெரிவித்திருந்தது. அந்தத் தகவல் தங்களுக்கு வரவே இல்லை என்கிறார்கள் நீர்மூழ்கியில் இருந்தவர்கள். உள்ளே அணு டார்பிடோ இருப்பதும் மேலே இருந்த அமெரிக்கர்களுக்குத் தெரியாது. அதே நாளில் கியூபா மேல் ஓர் அமெரிக்க உளவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு விமானி ஆண்டர்சன் இறந்தார். அதுவும் குருஷ்சேவின் உத்தரவு இல்லை, அங்கிருந்த தளபதிகளின் முடிவு.

அமெரிக்க–சோவியத் பகை முடிந்த பிறகும் இதே மாதிரி நடந்தது. 1995 ஜனவரி 25 அன்று நார்வே விஞ்ஞானிகள் வடதுருவ ஒளியை ஆராய ஒரு ராக்கெட் விட்டார்கள். நம் பக்கத்துத் தும்பாவில் விடுவார்களே, அந்த இனம்தான், அளவில் பெரியது. ரஷ்ய ரேடாருக்கு அது அமெரிக்க நீர்மூழ்கியிலிருந்து வரும் ஏவுகணையாகத் தெரிந்தது. அணு ஆயுதத்தை ஏவ உத்தரவிடும் பெட்டி ரஷ்ய அதிபர் யெல்ட்சின் முன்னால் திறக்கப்பட்டது. ராக்கெட் விலகிப் போகிறது என்று சில நிமிடங்களில் தெரிந்ததால் பிழைத்தோம். நார்வே முன்கூட்டியே ரஷ்யாவுக்குச் சொல்லியிருந்தது. ரேடார் முன்னால் இருந்தவர்களுக்கு அது போகவில்லை.

இதைக் குளச்சல்காரரான உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? 2017இல் ஒக்கி புயல் வந்தபோது, பல நாள் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த நம் ஆட்களுக்குக் கரையில் சொன்ன எச்சரிக்கை எட்டவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளையில் எத்தனை வீடுகள் ஆளில்லாமல் போயின!

புத்தியுள்ள தலைவர் பொத்தானை அழுத்தமாட்டார் என்கிறீர்கள். சரி. ஆனால் போட்டி முற்ற முற்ற, யோசிக்கக் கிடைக்கும் நேரம் குறைகிறது, எதைப் பார்த்தாலும் தாக்குதலாகத் தெரிகிறது, முடிவு எங்கோ அடைபட்டுக் கிடக்கும் ஓர் அதிகாரியிடம் போய்விடுகிறது. எல்லா இடத்திலும் ஓர் அர்கிப்போவ் இருப்பார் என்று நம்பி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

கியூபாவில் பட்ட பிறகுதான் 1963இல் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் நேரடித் தொடர்பு வந்தது. அப்புறம் ஒப்பந்தங்கள் வந்தன, ஒருவர் தளத்தை மற்றவர் நேரில் போய்ப் பார்ப்பது வந்தது. அந்த நேரடி ஆய்வு 2020இல் கொரோனாவோடு நின்றது, மறுபடி தொடங்கவே இல்லை. அந்த ஆய்வுக்கு வழிசெய்த ‘நியூ ஸ்டார்ட்’ என்ற அணு ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தை 2023இல் ரஷ்யா நிறுத்திவைத்தது. ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டியே தெரிவிக்கும் 1988ஆம் ஆண்டு ஏற்பாட்டை மட்டும் தொடர்வதாக அப்போது சொன்னது. அதையாவது விட்டுவிடாமல் இருக்க வேண்டுமே என்றுதான் சென்ற வாரம் அப்படி எழுதினேன்.