ஒரு விளையாட்டு வீரருக்கு வெறித்தனமான ரசிகரா இருக்குறது கிறிஸ்தவங்களுக்கு விக்கிரக ஆராதனை ஆகுமா?

எல்லா ரசனையும் விக்கிரக ஆராதனை கிடையாதுங்க. நானும் விசுவாசிதான், மேட்ச் நடந்தா ஸ்கோர் பாக்காம இருக்க முடியாத ஆளுதான். ஒரு நல்ல கவர் டிரைவ பாத்து வாய் பொளந்து நிக்குறது பாவம்னு வேதத்துல எங்கயும் இல்ல, பவுலே கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் கிரீடத்தையும் சொல்லித்தான் விளக்குறார்.

ஆனா அர்ஜென்டினாவுல ரொசாரியோ நகரத்துல 1998ல கால்பந்து வீரர் மரடோனா பேர்ல ஒரு சர்ச்சே ஆரம்பிச்சாங்க, அவர் பொறந்த 1960ல இருந்து வருஷத்த எண்ணுறாங்க, பத்து கட்டளை கூட இருக்கு. நிறைய பேர் இத வேடிக்கையா பாப்பாங்க, எனக்கு அப்படி தோணல. கூட்டமா பாடுறது, கைய உயர்த்துறது, தன்னை மறந்து அழுவுறது இதெல்லாம் கர்த்தரே மனுஷனுக்குள்ள வச்ச தாகம்னு நம்புறேன். 2013 நவம்பர்ல சச்சின் ஓய்வு பெற்ற அன்னைக்கு வான்கடே மைதானமே அவர் பேரைச் சொல்லி கத்திக்கிட்டு இருந்துச்சு, அவரு என்னடான்னா தனியா நடந்து போயி குனிஞ்சு பிட்ச்ச தொட்டு கும்பிட்டார். ஊரே கடவுள்னு சொன்ன மனுஷனுக்கும் தலை குனிய ஓரிடம் வேண்டியிருக்கு பாருங்க.

இத யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அப்போஸ்தலர் 14ம் அதிகாரம்தான் ஞாபகம் வரும். லீஸ்திராங்கிற ஊர்ல பிறவியிலேயே நடக்க முடியாத ஒருத்தர் பவுல் சொன்னதும் எழுந்து நடந்தார், உடனே ஜனங்க பவுல் கூட இருந்த பர்னபாவ யூப்பித்தர்னும் பவுல மெர்க்கூரின்னும் தங்களோட தெய்வங்க பேரைச் சொல்லி, எருதும் பூமாலையும் கொண்டாந்து பலி குடுக்க வந்துட்டாங்க, இவங்க ரெண்டு பேரும் வஸ்திரத்த கிழிச்சிக்கிட்டு "நாங்களும் உங்கள மாதிரி மனுஷங்கதான்யா"ன்னு கூட்டத்துக்குள்ள ஓடுறாங்க. கொஞ்ச வசனம் தள்ளி பாத்தா, வெளியூர்ல இருந்து வந்தவங்க தூண்டிவிட்டதும் அதே ஊர்லயே பவுல கல்லெறிஞ்சு, செத்துட்டார்னு நினைச்சு ஊருக்கு வெளிய இழுத்துப் போட்டாங்க. மாலைக்கும் கல்லுக்கும் நடுவுல எவ்ளோ கம்மி இடம்! 1994 உலகக் கோப்பையில சேம்சைடு கோல் போட்ட கொலம்பியாவோட ஆண்ட்ரெஸ் எஸ்கோபார், நாடு திரும்பின சில நாள்லயே சுட்டுக் கொல்லப்பட்டார், வயசு 27. ஒரு மனுஷன் மேல தெய்வத்து மேல வைக்கிற எதிர்பார்ப்ப வச்சா அது அவனுக்கும் செய்யுற கொடுமைதான், அந்த பாரத்த எந்த தோளும் தாங்காது. ஓசன்னாவையும் "சிலுவையில் அறையும்"ங்கிறதையும் ஒரே வாரத்துல கேட்டும் நம்மள வெறுக்காத இயேசு ஒருத்தர்தான் ஆராதனைய தாங்கக்கூடியவர்.

அதனால ஜெயிக்கிற அன்னைக்கு எவ்ளோ கத்துறீங்கன்னு நான் பாக்க மாட்டேன், உங்க ஆளு கேட்ச் விட்டு தோத்த அன்னைக்கு அவரோட குடும்பத்த இழுத்து கமெண்ட் போட கை போகுதான்னு பாருங்க, போச்சுன்னா அங்க ரசனை இல்ல, வேற ஏதோ இருக்கு. போஸ்டர கிழிக்கணும்னு எல்லாம் சொல்ல மாட்டேன், ஆனா ஞாயித்துக்கிழமை ஆராதனை நடக்கும்போது வேதாகமத்துக்கு அடியில போன்ல ஸ்கோர் ஓடுதுன்னா அத மட்டும் இந்த வாரமே நிறுத்திடுங்க.