மடக்குக் கூடாரத்துக்கு ஆக்கவுரிமை கிடைக்குமா?

வணக்கம் ஐயா. காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நீர்ப்பறவைகளைப் படம்பிடிக்க நீங்கள் செய்த கூடாரத்தில், மானாப்புல் செருகும் பட்டிகளுக்கும், காலால் மிதித்தால் இரண்டாகப் பிரியும் மேல்மூடிக்கும் ஆக்கவுரிமை (patent) கேட்கலாமா என்று எழுதியிருந்தீர்கள்.

பட்டிகளை விட்டுவிடுங்கள். அமெரிக்க வாத்து வேட்டைக்காரர்கள் படுத்திருக்கும் மறைவிடங்களில் புல் செருகும் பட்டிகளும் திறந்துகொள்ளும் கதவுகளும் நெடுங்காலமாக உள்ளன. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒன்று புதியதா என்று பார்க்கும்போது உலகில் எங்கு வெளியானதையும் கணக்கில் எடுப்பதால், அது வேட்டைக்கு, இது படப்பிடிப்புக்கு என்ற வாதம் அதிகம் எடுபடாது.

மூடியில்தான் விடயம் இருக்கிறது. மூடி திறக்கும் என்று பொதுவாக உரிமை கோராமல், மிதியிலிருந்து வரும் கம்பி, மழையில் நனைந்த துணியின் பாரத்தையும் மீறி, இரு பக்கங்களையும் ஒரே சமயத்தில் ஓசையின்றி விடுவிக்கும் பொறிமுறையை உறுப்பு உறுப்பாக விவரியுங்கள். ஆக்கவுரிமைக்கு வேண்டியபடி, துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாதது அதுவாகவே இருக்க முடியும். தேயிலைப் பற்றை போன்ற வெளித்தோற்றம் (அழகாகவே இருக்கிறது) கைத்தொழில் வடிவமைப்புப் பதிவோடு சேர்ந்த வேறு கேள்வி.

முகநூலில் காணொளி இட்டுவிட்டதாகச் சொன்னீர்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டுக்குள் நீங்களே வெளியிட்டதைச் சட்டம் ஆக்கவுரிமைக்குத் தடையாகக் கொள்வதில்லை. ஆகவே காணொளியின் திகதியைப் பார்த்து, அந்த ஓராண்டு முடிவதற்குள் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.