தெர்மாகோலும் தீத்தடுப்பும்: கேள்வி பதில்

பாலிஸ்டைரீன் நுரையில், அதாவது நாம் தெர்மாகோல் என்று சொல்வதில், தீத்தடுப்பான் சேர்ப்பதுதான் என் துறை. வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: மேடைக்கு தெர்மாகோல் வளைவு செய்து முடித்துவிட்டோம். வெண்காரம் கரைத்த தண்ணீரைத் தெளித்தால் தீப்பிடிக்காமல் இருக்குமா?

பதில்: இருக்காது. வெண்காரம் பருத்தி, காகிதம், மரம் ஆகியவற்றில் நன்றாக வேலை செய்யும். அவை செல்லுலோஸ். சூடேறும்போது வெண்காரம் அவற்றைச் சீக்கிரமே கரியாக்கிவிடும், அந்தக் கரி உள்ளே இருப்பதைக் காக்கும். பாலிஸ்டைரீனில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும்தான். அது கரியாவதில்லை. உருகும், ஆவியாகும், எரியும். போதாததற்கு இது மூடிய அறைகள் கொண்ட நுரை, தண்ணீர் உள்ளே இறங்காது. தெளித்தது காய்ந்ததும் பொடியாக உதிரும். தீத்தடுப்பானை, நுரையாக உப்பும் சிறு பாலிஸ்டைரீன் மணிகள் தயாராகும்போதே சேர்த்திருக்க வேண்டும். செய்து முடித்த வளைவை விளக்கு, மெழுகுவத்தி, வெல்டிங் பொறி எதுவும் நெருங்காத இடத்தில் வையுங்கள். தின்னர் கலந்த பெயின்ட் எதையும் அடிக்காதீர்கள், நுரையே கரைந்துவிடும்.

கேள்வி: நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத புரோமின் சேர்மம் எப்படித் தீயைத் தடுக்கிறது?

பதில்: நல்ல கேள்வி. விரிவாகவே சொல்கிறேன். எச்பிசிடி (ஹெக்சாபுரோமோசைக்ளோடோடெகேன்) என்ற பழைய புரோமின் தீத்தடுப்பானை மணி நுரையில் ஏறக்குறைய 0.7% தான் சேர்த்தார்கள். சூட்டில் அதிலிருந்து ஹைட்ரஜன் புரோமைடு வெளியேறும். சுடரை ஓடவைக்கும் ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் துணுக்குகளை அது பிடித்து அடக்கும். பாடப்புத்தகம் இதோடு நின்றுவிடும். ஆனால் இவ்வளவு சின்ன அளவுக்கு அது மட்டும் போதாது. கூடவே டைகுமைல் பெராக்சைடு போன்ற துணைப்பொருள் இருக்கும். இரண்டும் சேர்ந்து பாலிஸ்டைரீனின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடும். உருகல் நீர்த்துப்போய்ச் சுடரை விட்டு விலகும்.

சோதனை மேடையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சுடர் தொடுவதற்கு முன்பே நுரை குழிந்து பின்வாங்கும், குழியின் விளிம்பு பளபளவென்று மெழுகிவிட்டது போல இருக்கும். சுடரை எடுத்ததும் அணைந்துவிடும். தீத்தடுப்பான் இல்லாத துண்டு தொடர்ந்து எரியும், கரும்புகையோடு எரியும் சொட்டுகளையும் விடும். வீட்டில் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

புரோமின் இல்லாத தீத்தடுப்புப் பொடிகளான அலுமினியம் ஹைட்ராக்சைடு போன்றவற்றைப் பாதிக்குப் பாதி சேர்த்தால்தான் பலன் தெரியும். நுரையின் அறைச்சுவரோ சில மைக்ரான் தடிமன்தான். அவ்வளவு பொடியைத் திணித்தால் சுவர் கிழியும், நுரை உப்பாது.

அப்புறம், எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: இது சிறு சுடருக்கான பாதுகாப்பு மட்டுமே. ஐரோப்பியத் தீ வகுப்புகளில் ‘E’ வகுப்புக்கான சோதனையில் 20 மில்லிமீட்டர் சுடரை 15 விநாடி காட்டுவார்கள். பெரிய தீ வந்தால் தீத்தடுப்பு ரகமும் எரியும். நுரையை வெளியே தெரிய விடாதீர்கள், மூடுங்கள்.

கேள்வி: சாம்பல் நிற தெர்மாகோலில் கிராஃபைட் இருக்கிறதே, அது தீத்தடுப்புக்குத்தானே?

பதில்: இல்லை. அது வெப்பக் கதிரைத் தடுத்து, காப்புத்திறனைக் கூட்டுவதற்கு. தீத்தடுப்புக்குப் பயன்படுவது விரியும் கிராஃபைட், அது வேறு. சூட்டில் புழுப்புழுவாக உப்பி மேலே ஒரு போர்வை போடும். நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: போரிக் அமிலம் தெளித்தால்?

பதில்: முதல் பதிலே இதற்கும்.

கேள்வி: எச்பிசிடி தடை செய்யப்பட்டதா? இப்போது என்ன சேர்க்கிறார்கள்?

பதில்: 2013-இல், சூழலில் சிதையாத நச்சுப்பொருள்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். சூழலில் சிதையாது, உயிர்களின் உடலில் சேர்ந்துகொண்டே போகும். கட்டடக் காப்புக்கு மட்டும் கொஞ்ச காலம் விலக்கு இருந்தது. இன்று அதன் இடத்தில் இருப்பது புரோமின் ஏற்றிய ஸ்டைரீன்-பியூட்டாடையீன் கோபாலிமர். மூலக்கூறு மிகப் பெரியது என்பதால் உயிரணுச் சவ்வை எளிதில் கடக்காது. பழைய கட்டடங்களிலிருந்து எடுக்கும் பலகைகளில் எச்பிசிடி இன்னும் இருக்கலாம். அவற்றை மற்ற தெர்மாகோலோடு சேர்த்து அரைக்கக் கூடாது.

கேள்வி: புரோமின் புகை விஷம். நுரையைப் பூச்சுக்குள் மூடத்தானே போகிறோம், பிறகு எதற்குத் தீத்தடுப்பான்?

பதில்: பாதி ஒத்துக்கொள்கிறேன். கான்கிரீட்டுக்கு அடியில் போகும் பலகைக்கு அது தேவையில்லை என்று நானும் சொல்வேன். ஆனால் மூடும்வரை? பலகைகள் கட்டட வேலை நடக்கும் இடத்தில் நாள்கணக்கில் அடுக்கிக் கிடக்கும்.

கேள்வி (அவரே மீண்டும்): அதற்குக் காவல் போட்டால் போதும். கூரைக்குள் இருப்பதை யார் தொடப்போகிறார்கள்?

பதில்: 1996 ஏப்ரலில் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் விமான நிலையத்தில் மேலே சாலையில் வெல்டிங் நடந்தது. பொறி கீழே கூரை இடைவெளியில் இருந்த பாலிஸ்டைரீன் காப்பில் விழுந்தது. 17 பேர் இறந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வைப்பது மூடுவதாகாது. மூடுவது என்றால் ஜிப்சம் பலகையோ சிமென்ட் பூச்சோ நுரையோடு ஒட்டி, இடைவெளி இல்லாமல் இருப்பது. புகை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும்: தீத்தடுப்பான் இல்லாத நுரையின் புகையிலும் கார்பன் மோனாக்சைடும் ஸ்டைரீனும் உண்டு, அதுவே ஆளைக் கொல்லும். ஒரு கன மீட்டர் நுரையின் எடை 20 கிலோ என்றால், எரியும்போது வரும் வெப்பம் சுமார் 800 மெகாஜூல். 40 கிலோவுக்கு மேல் உலர்ந்த விறகுக்குச் சமம். பற்றாமல் தடுக்கும் அந்த ஆரம்பச் சில விநாடிகளை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: படிகாரத் தண்ணீர்?

பதில்: தண்ணீரில் கரைத்துத் தெளிக்கும் எதுவும் வேண்டாம். முதல் பதிலைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: மெத்தை ஸ்பாஞ்சுக்கு எது சேர்ப்பது?

பதில்: அது பாலியூரித்தேன், வேறு வேதியியல். அதில் வேலை செய்பவரைக் கேளுங்கள்.

கேள்வி: வாங்கும்போது தீத்தடுப்பு ரகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பலகையின் லேபிளில் தீ வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சோதனை அறிக்கை கேளுங்கள். அதில் உள்ள அடர்த்தியும் தடிமனும் நீங்கள் வாங்கும் பலகையோடு பொருந்த வேண்டும். பேக்கிங்கில் வரும் வெள்ளை தெர்மாகோலில் பெரும்பாலும் தீத்தடுப்பான் இருக்காது, அதைச் சுவருக்குப் பயன்படுத்தாதீர்கள்.