அடாஸ் காருக்கு எது தெரியும், எது தெரியாது?

கார் பட்டறையில் கேமராவுக்கும் ரேடாருக்கும் கேலிப்ரேஷன் செய்வது, அதாவது அவை சரியான திசையில் பார்க்கும்படி அளந்து சரிசெய்வது, என் வேலை. அடாஸ் என்று எல்லோரும் சொல்கிற ஓட்டுநர் உதவி வசதிகள் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஓசூர்: காரின் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் குரூஸ் கன்ட்ரோல் போட்டால் முன்னே ஓடும் லாரிக்கு ஏற்ப கார் அழகாக வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் பழுதாகி நின்ற லாரியைக் கண்டுகொள்ளவில்லை. நான்தான் பிரேக்கை மிதித்தேன். ரேடார் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அதன் குணமே அதுதான். ரேடார் ஒரு பொருளின் தூரத்தையும், நமக்கும் அதற்கும் உள்ள வேக வித்தியாசத்தையும் அளக்கிறது. சாலையில் அசையாத பொருள்களுக்குக் குறைவே இல்லை. பெயர்ப்பலகை, மேம்பாலம், இரும்புத் தடுப்பு என எல்லாமே எதிரொலி தரும். அத்தனைக்கும் பிரேக் போட்டால் கார் ஊர் போய்ச் சேராது. அதனால்தான் பல கார்களில், அதிக வேகத்தில் போகும்போது நிற்கும் பொருளின் எதிரொலிக்கு மதிப்பு குறைத்தே வைத்திருக்கிறார்கள். காரோடு வந்த கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், இது அதில் இருக்கும். யாரும் படிப்பதில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. 2018 ஜனவரியில் கலிபோர்னியாவின் கல்வர் சிட்டியில் ஒரு டெஸ்லா, முன்னே போன வண்டியைத் தொடர்ந்து மணிக்குச் சுமார் 34 கிலோமீட்டரில் ஊர்ந்துகொண்டிருந்தது. முன்வண்டி தடம் மாறியது. பாதை காலி என்று நினைத்த டெஸ்லா வேகம் எடுத்தது. அங்கே நின்றது ஒரு தீயணைப்பு வண்டி! மூன்று நான்கு நொடிகளில் மோதல், அப்போது வேகம் 50. தானியங்கி பிரேக் வேலை செய்யவே இல்லை. ஓட்டுநருக்குக் காயமில்லை என்பது அவருடைய அதிர்ஷ்டம்.

நம் ஊரில் பின்விளக்கு எரியாமல், எச்சரிக்கைக்கு நாலு கல்லும் ஒரு வேப்பங்கிளையும் வைத்துவிட்டு நிற்கும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னே போகும் கார் சட்டென்று விலகினால் உங்கள் கால் உடனே பிரேக்குக்குப் போக வேண்டும்.

மதுரை: ஊருக்குள் பைக் குறுக்கே நுழைந்தாலே கார் தானாக பிரேக் போடுகிறது. பின்னால் வந்த ஆட்டோ இடிக்கத் தெரிந்தது. மொத்தமாக அணைத்துவிடலாமா?

வேண்டாம். அவசர பிரேக்கை இருக்க விடுங்கள், எச்சரிக்கை தூரத்தை மட்டும் கடைசி அளவுக்குக் குறைத்து வையுங்கள். தடம் காக்கும் வசதியை ஊருக்குள் தாராளமாக அணைக்கலாம். கோடே இல்லாத தெருவில் அது எதைக் காக்கப் போகிறது? குரூஸ் கன்ட்ரோலையும் நெரிசலில் மறந்துவிடுங்கள். அது விடும் இடைவெளியில் இரண்டு பைக்கும் ஒரு ஷேர் ஆட்டோவும் நுழைந்துவிடும்.

நாகர்கோவில்: கனமழையில் கேமரா மறைந்திருப்பதாகச் செய்தி காட்டிவிட்டு எல்லாம் நின்றுபோனது.

நல்ல கார். தனக்குத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. மாலை வெயில் நேராகக் கேமராவில் அடிக்கும்போதோ, பழைய கோட்டின் மேல் புதுக்கோடு போட்ட சாலையிலோ, சொல்லாமலே தவறாகப் புரிந்துகொள்வதுதான் ஆபத்து.

சேலம்: கல் பட்டு முன்கண்ணாடி உடைந்தது. வெளியே பாதி விலைக்கு மாற்றினேன். அதிலிருந்து கார் தடத்தின் ஒரு பக்கமாகவே ஒட்டிப் போகிறது.

கேமரா அந்தக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. கண்ணாடி மாறினால் கேலிப்ரேஷன் செய்தே ஆக வேண்டும். கேமராவின் பார்வை ஒரே ஒரு டிகிரி விலகினால், 100 மீட்டர் தொலைவில் அது 1.75 மீட்டர் பிழை. அதாவது பாதித் தடம். செய்து முடிக்கும்வரை தடம் காக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

பட்டறைக்கு வரும் புகார்களில் பாதி இப்படி நாமே செய்துகொள்வதுதான். ரேடாரை மறைத்து பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டியிருப்பார்கள் (2017லேயே மத்திய அரசு அதற்குத் தடை போட்டாயிற்று). ஒருவர் பிள்ளையார் ஸ்டிக்கரைச் சரியாகக் கேமராவுக்கு முன்னால் ஒட்டியிருந்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உரித்தேன்.

தஞ்சாவூர்: இரவில் சாலையைக் கடக்கும் ஆளை, மாட்டை அடையாளம் காணுமா?

அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் 2019இல் நான்கு கார்களைச் சோதித்தது. பகலில், மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில், குறுக்கே நடக்கும் பெரியவர் பொம்மையில் மோதாமல் தப்பியது நூற்றுக்கு 40 முறைதான். இரவில் பயனே இல்லை என்று எழுதினார்கள். அதன் பிறகு கார்கள் தேறியிருக்கின்றன. ஆனாலும் கறுப்புச் சேலை கட்டிய பாட்டியையும், சாலை நடுவில் படுத்திருக்கும் எருமையையும் அதன் பொறுப்பில் விட நான் தயாராக இல்லை.

வேலூர்: ஸ்டீயரிங்கில் தண்ணீர் பாட்டில் மாட்டினால் கையை வைக்கச் சொல்லும் எச்சரிக்கை வராதாமே?

வராமல் போகலாம். பல கார்கள் ஸ்டீயரிங்கில் படும் சிறு விசையை வைத்துத்தான் கை இருக்கிறதா என்று கண்டுபிடிக்கின்றன. ஏமாறுவது கார் அல்ல. இங்கே விற்கும் அடாஸ் கார்கள் அதிகபட்சம் இரண்டாம் நிலை, அதாவது ஓட்டுபவர் நீங்கள்தான். ஓட்டுநர் கவனத்தைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதற்காக 2023 டிசம்பரில் அமெரிக்காவில் சுமார் 20 லட்சம் டெஸ்லா கார்களுக்குத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது.

சென்னை: கூடுதல் பணம் கொடுத்து அடாஸ் வாங்கலாமா? டெஸ்ட் டிரைவில் எதைப் பார்க்க வேண்டும்?

அவசர பிரேக்கும், பக்கவாட்டில் மறைந்து வரும் வண்டியைக் காட்டும் விளக்கும் காசுக்குத் தகும். மற்றவை நெடுஞ்சாலையில் அதிகம் ஓடுபவர்களுக்கு. தடம் காக்கும் வசதியை அணைக்க எத்தனை பொத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இண்டிகேட்டர் போடாமல் பள்ளத்தைத் தவிர்க்கத் திருப்பும்போது ஸ்டீயரிங் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்றும் பாருங்கள். விற்பனையாளர், “காலை எடுங்கள் சார், தானாக நிற்கும்” என்று முன்னால் நிற்கும் வண்டியைக் காட்டினால், சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள்.