ஜெர்மனியின் கால்பந்து லீகான பன்டஸ்லிகாவில் எப்படியும் பேயர்ன் மியூனிக்தானே ஜெயிக்கிறது? பிறகு அதை ஏன் பார்க்க வேண்டும்?

2013 முதல் 2023 வரை பதினொரு வருடமும் பேயர்ன் என்றிருக்கும் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பட்டியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினொன்றாவது பட்டம், அதாவது 2022-23, எப்படிக் கைமாறியது என்று தெரிந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள். நான் டோர்ட்மண்டில் வேலை பார்ப்பவன். இந்த ஊர் அன்றைக்கு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும்.

2023 மே 27, கடைசி நாள். எங்கள் ஊர் அணி டோர்ட்மண்ட் 70 புள்ளி, பேயர்ன் 68. சொந்த மைதானத்தில் மைன்ஸ் அணியை ஜெயித்தால் பட்டம். கடைசி நாளில் எல்லா ஆட்டமும் ஒரே நேரத்தில், மதியம் மூன்றரைக்குத் தொடங்கும். டிக்கெட் கிடைக்காத நாங்கள் வீட்டுக்குப் பக்கத்து பப்பில் நின்றுகொண்டே பார்த்தோம். 15-வது நிமிடத்தில் மைன்ஸ் கோல். 19-ல் எங்களுக்கு பெனால்டி. செபாஸ்டியன் ஹாலர் அடித்ததை கோல்கீப்பர் தடுத்துவிட்டார். 24-ல் மைன்ஸின் இரண்டாவது கோல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இன்றைக்கும் "ஹாலர்தான் பட்டத்தைக் கெடுத்தார்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 2022 ஜூலையில், அணிக்கு வந்த கொஞ்ச நாளில், அவருக்கு விரைப் புற்றுநோய் கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை, கீமோ எல்லாம் முடித்து ஜனவரியில் களத்துக்குத் திரும்பினார். டோர்ட்மண்டுக்காக அவர் போட்ட முதல் லீக் கோல் பிப்ரவரி 4 அன்று, ஃப்ரைபர்குக்கு எதிராக. அது உலகப் புற்றுநோய் தினம்.

அதே மாதங்களில் மதுரையில் என் அக்கா வீட்டுக்காரர் கீமோவில் இருந்தார். கால்பந்தே பார்க்காத மனிதர். நான் ஹாலரைப் பற்றிச் சொன்னதிலிருந்து வீடியோ காலில் முதல் கேள்வியே "மாப்ள, நம்ம ஆளு இன்னைக்கு ஆடுனாரா?" என்பதுதான். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்டால் பதில் வராது, ஹாலர் ஆடினார் என்றால் எழுந்து உட்காருவார் என்று அக்கா சொல்வாள். அந்த பெனால்டி போனதும் அவரிடமிருந்து வந்த மெசேஜ்: "இன்னும் எழுபது நிமிஷம் கெடக்கு மாப்ள." ஆகவே ஹாலரைப் பற்றி நான் நடுநிலையாகப் பேசவில்லை என்று யாராவது சொன்னால், சரி, பேசவில்லை. ஆனால் மே 21 அன்று ஆக்ஸ்பர்கில் இரண்டு கோல் போட்டு எங்களை முதலிடத்துக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

மீதியைச் சொல்கிறேன். 69-வது நிமிடத்தில் எங்கள் கெரெய்ரோ ஒன்றைத் திருப்பினார். 81-ல் கொலோன் நகரில், அதுவரை முன்னிலையில் இருந்த பேயர்னுக்கு எதிராக பெனால்டி கோல், 1-1. அந்தக் கணத்தில் தோற்றுக்கொண்டிருந்த டோர்ட்மண்ட்தான் சாம்பியன்! பப்பில் முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். 89-ல் முசியாலா கோல் போட்டார், பேயர்ன் 2-1. கூடுதல் நேரத்தின் ஆறாவது நிமிடத்தில் எங்கள் ஸூலே சமன் செய்தார், 2-2. இன்னொரு கோலுக்கு நேரமில்லை. இரு அணிக்கும் 71 புள்ளி. கோல் வித்தியாசத்தில் 54-க்கு 39 என்று பட்டம் மியூனிக்குப் போனது.

டோர்ட்மண்ட் கடைசி நாளில் பயந்து பட்டத்தைத் தோற்றது என்பதை நான் ஏற்கவில்லை. ஏப்ரல் 15 அன்று ஸ்டுட்கார்ட்டில் 2-0 முன்னிலை, எதிரணியில் பத்துப் பேர்தான். 2-2 ஆனது. 92-வது நிமிடத்தில் எங்கள் ரெய்னா மூன்றாவதைப் போட்டும், 97-ல் அவர்களின் சிலாஸ் அதையும் சமன் செய்தார். அதே மாதம் போகும் (Bochum) என்ற ஊரில் எங்கள் அடெயெமியை பெனால்டி பெட்டிக்குள் தள்ளிவிட்டதற்கு பெனால்டி தரவில்லை. தவறு என்று நடுவரே பிறகு ஒப்புக்கொண்டார். அந்த இரண்டு ஆட்டமும் டிரா. ஒரே ஒரு புள்ளி அங்கே கூடக் கிடைத்திருந்தால் போதும். பேயர்ன் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம். மார்ச்சில் பயிற்சியாளரை மாற்றிய குழப்பத்திலும் அவர்கள் கடைசி வரை விடவில்லை, அதை மறுக்கவில்லை.

எனக்கு உண்மையான குறை வேறு. 2021 முதல் 2025 வரை இங்கே டிவியில் பார்க்க சனிக்கிழமை ஆட்டத்துக்கு ஒரு நிறுவனத்துக்கும், வெள்ளி, ஞாயிறு ஆட்டத்துக்கு இன்னொன்றுக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. ஒன்றை ரத்து செய்யக் கடிதம் அனுப்பியும் கிடைக்கவில்லை என்று சொல்லி இன்னொரு வருடத்துக்குப் பணம் பிடித்தார்கள். கால்பந்தைப் பார்ப்பதற்கு இவ்வளவு அலைய வைப்பதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை.

பட்டத்துக்கு வருகிறேன்: அடுத்த வருடமே லெவர்குசன் அணி 34 ஆட்டத்தில் ஒன்றில்கூடத் தோற்காமல் பட்டம் வென்றது, பேயர்ன் மூன்றாவது. நீங்கள் பார்க்கத் தொடங்குவதானால் அந்த ஸ்டுட்கார்ட் ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். சுருக்கத்தை அல்ல, முழு ஆட்டத்தையும்.